மதிப்பீட்டு அறையில் தெரியாத வலி

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான படிவம் எந்த அலுவலகத்திலிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். உங்களால் நடக்க முடியுமா? குனிய முடியுமா? பிறர் உதவியின்றிக் குளிக்க முடியுமா? சமைக்க முடியுமா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: முடியும், முடியாது. நாள்பட்ட வலியோடு வாழும் ஒருவரால் இந்த இரண்டில் எதை டிக் செய்தாலும் உண்மையைச் சொன்னதாக ஆகாது. என்னால் குளிக்க முடியும். குளித்து முடித்த பிறகு ஈரத்தலையோடு கட்டிலில் சாய்ந்து கிடக்க வேண்டும். துவட்டுவதற்குக் கையைத் தூக்கும் தெம்பு வர வெகுநேரம் ஆகும். அன்று குளித்தால் அன்று வேறு எந்த வேலையும் கிடையாது. அடுத்த நாளும் குளிப்பது பல சமயம் நடக்காது. இதற்கு எந்தக் கட்டம்?

உதவித்தொகை கிடைப்பதும் கைவிட்டுப் போவதும் இந்த இடத்தில்தான். ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. செய்தபின் உடம்பு என்ன ஆகிறது, மறுபடி அதைச் செய்ய எத்தனை நேரம் பிடிக்கிறது, யார் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் நாமாகச் சொன்னால்தான் உண்டு. நாம் சொல்லாவிட்டால், விண்ணப்பித்தவரை நேரில் அழைத்துப் பார்க்கும் மதிப்பீட்டு அறையில் அது யாருக்கும் தெரியாது. மதிப்பீட்டுக்கு வரச்சொன்ன கடிதத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் புரண்டுகொண்டிருக்கும் யாராவது இதைப் படிக்கக்கூடும். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இடுப்பில் தொடங்கி இடது காலின் பின்புறமாகப் பாதம் வரை இறங்கும் நரம்பு வலி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் போகவில்லை. காலப்போக்கில் தோளுக்கும் கழுத்துக்கும் பரவியது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலையைத்தான் பார்த்துவந்தேன். அதையும் விட வேண்டிவந்தது. பார்ப்பவர்களுக்கு நான் ஆரோக்கியமாகத்தான் தெரிவேன். கையில் கட்டு இல்லை, சக்கர நாற்காலி இல்லை. வலி அதிகமாக இருக்கும் நாளில் நான் வெளியே வருவதே இல்லை என்பதால், ஊர் கண்ணில் படுவது என் நல்ல நாட்கள் மட்டும்தான்.

வலியை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. காய்ச்சலுக்கு வெப்பமானி இருப்பதுபோல வலிக்கு ஒரு கருவி இல்லை. பூஜ்யம் முதல் பத்து வரை எண் சொல்லச் சொல்கிறார்களே, அதுவும் நம் வாயிலிருந்து வரும் எண்தான். பலர் ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்புகிறார்கள். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்பு ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஒருவருக்கும் வலி இல்லை. இது இரண்டு பக்கமும் வெட்டும். ஸ்கேனில் கோளாறு தெரிவதால் மட்டும் வலி நிரூபணமாகிவிடாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் வலி பொய்யாகிவிடவும் செய்யாது. நம்முடைய ஃபைலைப் புரட்டி, "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லையே" என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை.

காயம் ஆறிய பிறகும் வலி ஏன் நீடிக்கிறது என்பதற்கு மருத்துவத்தில் விளக்கம் இருக்கிறது. 1983-இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர், காயத்துக்குப் பிறகு தண்டுவடத்தில் இருக்கும் நரம்புச் செல்களே கூடுதல் கூர்மை அடைவதைக் காட்டினார். சாதாரணத் தொடுகையும் வலியாக ஏறும், சின்ன வலி பெரிதாகக் கேட்கும். தோலிலோ எலும்பிலோ தேடினால் அது கிடைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் கொடுத்தது. அதில் ஒரு வகையில் வலியே நோய். வேறொரு நோயின் அறிகுறியாக அது இருந்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லை. வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979-இல் வகுத்த வரையறையை 2020-இல் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல் மதிக்கப்பட வேண்டும் என்று குறிப்பே எழுதி வைத்தது. என் மருத்துவரிடம் பேசும்போதும் படிவம் எழுதும்போதும் எனக்குத் தெம்பு கொடுத்தது அந்த வரிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக அடிபட்டவருக்கு நாடி துடிக்கும், வியர்க்கும், முகம் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் வலியோடு இருப்பவரிடம் இவை பெரும்பாலும் தெரிவதில்லை. உடம்பு அந்த எச்சரிக்கை மணியை எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்க முடியாது. நாமும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறோம். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது, வந்த விருந்தாளி சங்கடப்படக் கூடாது, கூட வேலை செய்பவர்கள் பாவம் பார்க்கக் கூடாது. இப்படியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அந்தப் பழகிய முகத்தோடு நாம் மதிப்பீட்டு அறைக்குள் போகிறோம். அங்கே இருப்பவர், "விண்ணப்பதாரர் வலியில் இருப்பதாகத் தெரியவில்லை" என்று தட்டச்சு செய்கிறார்.

படிவத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், அறையில் கழியும் ஒரு மணி நேரத்தைவிட இதற்குத்தான் அதிக உழைப்பு தேவை. இதைத் தனியாக எழுதாதீர்கள். வலி ஒரு பக்கம் இருக்கட்டும், என்னால் என்னவெல்லாம் முடியவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதுவது மனதை உடைக்கும் காரியம். மற்ற நாட்களில் முடிந்ததை நினைத்துத்தானே எழுந்து நடமாடுகிறோம்? இந்தப் படிவம் அதற்கு நேர் எதிராக நினைக்கச் சொல்கிறது. ஒரு அமர்வில் ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டேன். எழுதி முடித்ததும் படிவத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவேன். அந்த நாட்களில் மனது ரொம்பவும் இருண்டுபோகிறது என்றால் வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். படிவம் காத்திருக்கட்டும். அவகாசம் போதவில்லை என்றால் கடைசி நாளுக்கு முன்பே கேட்டுப் பாருங்கள். பல அலுவலகங்களில் தக்க காரணம் சொன்னால் நீட்டித்துக் கொடுப்பார்கள்.

என் படிவத்தை எழுதியது அக்கா. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பேனா பிடித்தால் எனக்குக் கை மணிக்கட்டு வரை இறுகிவிடும். குளியல் பற்றிய கேள்வி வந்தது.

"குளிப்பேன்னு போடுக்கா."

"முதுகு யாருடி தேய்க்கறது?"

நான் பதில் சொல்லவில்லை.

"முதுகு தேய்க்கறது நான். கதவைத் தாழ் போடாதேன்னு சொல்லிட்டு வெளியில ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கறது நான். போன மாசம் வழுக்கினப்ப உள்ள வந்து தூக்கினது நான். இதெல்லாம் எழுத வேணாமா?"

எழுதினாள். அதைப் படிக்கும்போது எனக்குக் கூசியது. முன்பின் தெரியாத ஒருவர் இதைப் படிக்கப்போகிறார் என்ற கூச்சம் அது. இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குத் தெரிவது நமக்கே தெரிவதில்லை என்பதை அன்று பார்த்தேன். நம் உடம்புக்கு ஏற்ப வாழ்க்கையை வளைத்து வளைத்து, எது வளைந்தது என்பதே மறந்துபோகிறது. மேல் அலமாரியில் எதையும் வைப்பதில்லை. பொத்தான் வைத்த உடைகளை எப்போதோ கட்டி மூட்டையாக்கிவிட்டோம். காய்கறி நறுக்க அடுப்பங்கரையில் உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறது. இவை எல்லாம் வீட்டின் வழக்கமாகிவிட்டதால், "என்ன உதவி தேவைப்படுகிறது?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் வாய் சொல்கிறது.

எப்படி எழுதுவது என்பதற்கு பிரிட்டனின் சட்டத்தில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அங்கே 2013 முதல் நடைமுறையில் இருக்கும் 'பிப்' என்ற உதவித்தொகையின் விதிகள், ஒருவரால் ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்று சொல்ல வேண்டுமானால் நான்கு விஷயங்கள் நிறைவேற வேண்டும் என்கின்றன. ஆபத்தில்லாமல் செய்ய வேண்டும். ஏற்கத்தக்க அளவுக்கு ஒழுங்காகச் செய்ய வேண்டும். தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். மற்றவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச நேரத்தைப் போல இருமடங்குக்கு மேல் ஆகக் கூடாது. ஓராண்டுக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதையே கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் விதி உண்டு. வலி நாளுக்கு நாள் மாறும் நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும், ஒவ்வொரு கேள்விக்கும் இந்த நான்கையும் உங்களையே கேட்டுப் பாருங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் அப்படிக் கேட்காவிட்டாலும் பதில் தெளிவாகும்.

சமையல் கேள்விக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் இடது கால் மரத்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்து நறுக்குவேன், நடுவில் கத்தியை வைத்துவிட்டுப் படுத்து எழுந்து வருவேன். கனமான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவதில்லை. கால் மடங்கி வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுண்டு. வலி மாத்திரை போட்டால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பதே மறந்துவிடுகிறது. பாதிக்கு மேற்பட்ட நாட்கள் அக்காதான் சமைக்கிறாள். நான் சமைத்த நாளில் மாலை எழ முடியாது." இதில் 'தாங்க முடியாத' என்றோ 'கொடூரமான' என்றோ ஒரு சொல்கூட இல்லை. அப்படிப்பட்ட சொற்களை எல்லா விண்ணப்பங்களிலும் பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். கத்தியை வைத்துவிட்டுப் படுக்கப் போவது உங்கள் விண்ணப்பத்தில் மட்டும்தான் இருக்கும்.

கூடுதலாகச் சொல்லாதீர்கள். மோசமான நாளை தினசரி என்று எழுத வேண்டாம். நல்ல நாள் உண்டு என்றால் அதையும் எழுதுங்கள், அது எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, அன்று அதிகமாகச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு எத்தனை நாள் படுக்கை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்கூட்டியே சில வாரம் நாட்குறிப்பு வைத்தால் இது சுலபம். பெரிதாக ஒன்றும் வேண்டாம்: எப்போது எழுந்தேன், என்ன செய்தேன், எதைப் பாதியில் விட்டேன், இரவு எத்தனை முறை விழித்தேன். காலண்டர் தாளிலோ போனிலோ இரண்டு வரி போதும்.

காகிதங்களைப் பொறுத்தவரை, என்ன நோய் என்று சொல்லும் கடிதத்தைவிட, அதனால் என்ன செய்ய முடியவில்லை என்று சொல்லும் கடிதம் பத்து மடங்கு உதவும். மருத்துவரிடம் வெறுமனே சான்றிதழ் கேட்டால் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதித் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் நம்மைப் பார்ப்பது சில நிமிடம். எவ்வளவு தூரம் நடக்கிறேன், எவ்வளவு நேரம் உட்கார்கிறேன், யார் உதவுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் ஒப்புக்கொள்வதை மட்டும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்டுகள் இதில் இன்னும் நன்றாக எழுதுவார்கள், நம் நடையையும் குனிவதையும் பார்த்துப் பார்த்து அவர்களுக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் நகல் எடுத்து வையுங்கள். மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து வாசல் மாறும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, நாள்பட்ட வலிக்கு அதில் தனி வகை இல்லை. பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். வலிக்குச் சதவீதம் போடுவது எப்படி? அசைவு எவ்வளவு குறைந்திருக்கிறது, தசை எவ்வளவு பலவீனப்பட்டிருக்கிறது என்ற வழியாகத்தான் அங்கே நுழைய முடியும். ஆகவே அந்த அளவீடுகள் ஃபைலில் இருப்பது முக்கியம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவை எப்படி மதிப்பிடுவது என்று 2012-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. வலிக்குக் காரணமாகக்கூடிய நோய் ஒன்று உறுதியான பிறகு, வலியின் அளவைப் பரிசோதனை முடிவுகள் காட்டவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவர் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது என்று அவர்கள் விதி சொல்கிறது. உங்கள் விண்ணப்பம் எந்தச் சட்டத்தின் கீழ் போகிறதோ அதன் வழிகாட்டியைத் தேடிப் படியுங்கள். மதிப்பிடுபவர் எதை அளக்கச் சொல்லப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

மதிப்பீட்டு நாள்.

அன்று வழக்கமாகப் போடும் மாத்திரைகளைப் போடுங்கள். வலி தெரியட்டும் என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது உடம்புக்கு ஆபத்து. சில வலி மருந்துகளைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. மருந்து போட்டிருக்கிறேன், போட்டும் இவ்வளவு வலி, போட்டதால் இவ்வளவு தூக்கம் என்று சொல்லிவிட்டால் போதும். கைத்தடி வழக்கமாகப் பிடிப்பவர் அன்றும் பிடியுங்கள், வழக்கமில்லாதவர் அன்றைக்கென்று பிடிக்க வேண்டாம். கூட ஒருவரை அழைத்துப் போக அனுமதி உண்டா, பேச்சைப் பதிவு செய்யலாமா, வீட்டிலோ தொலைபேசியிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மதிப்பீடு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தொடங்குவதில்லை. காத்திருக்கும் இடத்திலிருந்து அறைக்கு எப்படி நடந்தீர்கள், பையை எந்தக் கையில் தூக்கினீர்கள், கீழே விழுந்த தாளை எப்படி எடுத்தீர்கள் என்பதெல்லாம் குறிப்பில் ஏறும். இதைச் சொல்வது உங்களை நடிக்கச் சொல்வதற்காக இல்லை. நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரம் உங்களை என்ன செய்தது என்று உட்கார்ந்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பதற்காக.

என் அறையில் கைப்பிடி இல்லாத நாற்காலி. மதிப்பிட்டவர் முன்பு செவிலியராக இருந்தவர். இனிமையாகவே பேசினார், கண் திரையிலும் விரல் தட்டச்சுப் பலகையிலும் இருந்தன.

"நடுவில எழுந்து நிக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா நில்லுங்க."

நின்றேன். சுவரில் இடது கையை ஊன்றி, எடையை வலது காலுக்கு மாற்றி, மறுபடி உட்கார்ந்து, மறுபடி நின்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கவனித்துவிட்டு, "இவ இப்ப எழுந்து நிக்கறா, அதையும் குறிச்சுக்கறீங்களா?" என்று பணிவாகவே கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"இப்ப வலி பத்துக்கு எத்தனை?"

இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். "இப்ப ஆறு. வர்றதுக்காகக் காலையில மாத்திரை போட்டிருக்கேன், நேத்து முழுக்க எழுந்திருக்கல. இன்னிக்கு ராத்திரி எட்டு ஆகும். நாளைக்கும் நாளன்னிக்கும் படுக்கையிலதான் இருப்பேன்." ஒற்றை எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் ஆறு மட்டும்தான் பதிவாகும். அந்த ஆறுக்கு முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்துச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

பேச்சுவாக்கில் சில கேள்விகள் வரும். டிவி பார்ப்பீர்களா, புத்தகம் படிப்பீர்களா, பேருந்தில் வந்தீர்களா. அக்கறையோடு கேட்பதாகவும் இருக்கலாம். ஆனால் டிவி பார்ப்பேன் என்ற பதிலிலிருந்து ஒரு மணி நேரம் உட்கார முடியும், கவனம் சிதறாது என்ற முடிவுக்குப் போக முடியும். நான் டிவி பார்ப்பது ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பாதியில் தூங்கிப்போய். அதையும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன்.

உடல் பரிசோதனையில் கையை உயர்த்து, குனி, காலைத் தூக்கு என்பார்கள். நல்ல நோயாளியாக நடந்துகொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம், மருத்துவர் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவோம். செய்யாதீர்கள். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இதற்குமேல் வலிக்கிறது என்று சொல்லுங்கள். அந்த அசைவைச் செய்தால் நாளைக்குப் பாதிக்கும் என்றால் செய்ய மாட்டேன் என்று சொல்லலாம், காரணத்தையும் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் கோர்டன் வாடெல், 1980-இல் முதுகுவலி நோயாளிகளிடம் பார்க்கச் சில அடையாளங்களைத் தொகுத்தார். லேசாகத் தொட்டாலே வலிப்பது, படுத்திருக்கும்போது தூக்க முடியாத காலைக் கவனம் வேறு பக்கம் இருக்கும்போது நீட்ட முடிவது போன்றவை. இவை தெரிந்தால் அந்த நோயாளியின் மனநிலையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். பிற்பாடு பலர் அதை நடிப்பவரைப் பிடிக்கும் பொறியாகவே பயன்படுத்தினார்கள். 1998-இல் அவரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து, இந்த அடையாளங்களைத் தவறாகப் பொருள்கொள்கிறார்கள், இவற்றை வைத்து ஒருவர் நடிக்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது என்று விளக்கி எழுதினார்கள். உங்கள் அறிக்கையில் அவர் பெயரைப் பார்த்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், படுக்கும் முன், அக்காவைக் கேள்விகளையும் பதில்களையும் ஞாபகம் இருக்கும் வரை எழுதச் சொன்னேன். என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, நான் எப்போது எழுந்து நின்றேன். அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எழுத முடியாது, பெரும்பகுதி நினைவில் இல்லை. அவள் எழுதியிருந்தாள். கழிவறைக்குக் கூட்டிப் போனது, கஞ்சி பாதியில் வைத்தது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டது, தோளைத் தொட வேண்டாம் என்று அழுதது. வலி இல்லாத ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு பேட்டி. எனக்கு அது ஒரு வாரம்.

முடிவுக் கடிதம் வந்தது. மறுத்திருந்தார்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன். நீங்களும் கட்டாயம் வாங்குங்கள். "நேர்காணல் முழுவதும் வசதியாக அமர்ந்திருந்தார்" என்று அதில் இருந்தது. படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதிப் பயனில்லை. இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு அக்காவும் நானும் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, நடந்ததற்கு மாறாக இருந்த ஒவ்வொரு வரிக்கும் நேராக என்ன நடந்தது, அதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்று எழுதினோம். மறுபரிசீலனைக் கடிதத்தில் கோபம் வேண்டாம், அவமானப்படுத்திவிட்டார்கள் என்றுகூட எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். "அமர்ந்திருந்தார் என்று எழுதப்பட்டுள்ளது. நான் பலமுறை எழுந்து நின்றேன். அனுமதி கேட்டேன், மதிப்பிட்டவர் அனுமதித்தார். உடன் வந்தவர் அதைக் குறிக்குமாறு கேட்டுக்கொண்டார். அன்று மாலை எழுதிய குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது." இப்படியே முழுக் கடிதமும். அடுத்து வந்த நாட்களைப் பற்றி அவள் எழுதிய குறிப்பையும், பிசியோதெரபிஸ்ட் கொடுத்த புதுக் கடிதத்தையும் வைத்தோம்.

மறுத்த கடிதத்தோடு நின்றுவிடும் ஆட்கள் ஏராளம். வலியும் களைப்பும் அப்படித்தான் செய்யும். மேல்முறையீட்டுக்கான கெடு பெரும்பாலும் குறுகியது, பிரிட்டனில் மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான். அதனால் கடிதம் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், கோபப்படுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அங்கே தீர்ப்பாயம் வரை போனால் ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், குறைபாடுகளைப் பற்றி அனுபவ அறிவுள்ள ஒருவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். அப்படிப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முடிவு மாறுகிறது. முதல் முடிவே கடைசி முடிவு என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் ஊரில் இலவசச் சட்ட உதவியோ, மாற்றுத்திறனாளி அமைப்போ இருந்தால் கடிதத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

எனக்கு மறுபரிசீலனையில் கிடைத்தது. நான் கேட்டதைவிடக் குறைவு, ஆனால் அக்கா வாரத்தில் சில நாள் தன் வேலையைப் பார்க்கப் போகும்போது உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளப் போதுமானது.

இந்த மதிப்பீடுகளை வடிவமைப்பவர்களில் யாராவது தமிழ் படிப்பவராக இருந்தால் ஒரே ஒரு மாற்றம் கேட்பேன். நேர்காணல் முடிந்து மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. அன்று வந்துபோனது உங்களை என்ன செய்தது, இன்று எழுந்தீர்களா, குளித்தீர்களா, யார் சமைத்தார்கள். ஐந்து நிமிடம் போதும். நாள்பட்ட வலி உள்ளவரைப் பற்றி அந்த ஐந்து நிமிடத்தில் தெரிவது அறைக்குள் ஒரு மணி நேரம் பார்த்தாலும் தெரியாது. செலவும் அதிகமில்லை. அப்படி ஓர் அழைப்பு வரும்வரை அந்தப் பதிலை நாமேதான் எழுதி அனுப்ப வேண்டும். நேர்காணலுக்குப் பிந்தைய நாட்களின் குறிப்பை, முடிவு வருவதற்கு முன்பே, கூடுதல் ஆதாரம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். என் மறுமதிப்பீடு வரும்போது நான் அதைத்தான் செய்யப்போகிறேன்.